ரிங் பிரேமில் அந்த ஏழு பேர்

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். இந்த வட்டாரத்தில் ஒரு மில்லில் புதிதாக நல அலுவலராகச் சேர்ந்திருப்பவள். பேரைச் சொன்னால் அவள் வேலைக்கு ஆபத்து, அதனால் வேண்டாம்.

“மேடம், இனிமே டைவர்சிட்டிங்கிற வார்த்தைய எங்கயும் எழுதக் கூடாதுன்னு சொல்லிட்டாக. வெளிநாட்டுக்காரவுகளே அத விட்டுட்டாகளாம். மாற்றுத்திறனாளிகள வேலைக்குச் சேக்க நான் பாத்த வேலையெல்லாம் போச்சு” என்று அழாத குறையாகச் சொன்னாள்.

“எழுதக் கூடாதுன்னுதானத்தா சொன்னாக? செய்யக் கூடாதுன்னு சொன்னாகளா?” என்றேன்.

“நீங்க எப்புடி மேடம் சமாளிச்சீக?” என்று கேட்டாள். போனில் சொல்லி மாளாது, எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்ததும், அவள் ஒருத்திக்கு மட்டும் எழுதுவானேன் என்று தோன்றியது. இந்த வேலையில் இருக்கிற மற்றவர்களும் படிக்கட்டும். படித்துவிட்டு என்னைப் போலவே செய்து மாட்டிக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

என் பேர் எஸ்தர். போடி கடைவீதியில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை இருந்தது. ஆட்கள் பேரம் பேசுவதை நாள் முழுக்க வேடிக்கை பார்த்து வளர்ந்தவள் நான். பிறகு மதுரையில் சமூகப்பணி படித்துப் பட்டம் வாங்கினேன். பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டினேன், பாத்திரக்கடையில் கற்றதை வைத்துப் பிழைத்தேன். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் நல அலுவலராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன்.

நான் சேர்ந்தபோது அந்த மில்லின் அதிகாரிகளில் நான் ஒருத்திதான் பெண். எல்லாரும் மரியாதையாக எழுந்து நின்று வரவேற்றார்கள். நாற்காலி கொடுத்தார்கள், மேசை கொடுத்தார்கள், மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கொடுத்தார்கள். கழிவறை மட்டும் கொடுக்கவில்லை. ஆபீஸ் கட்டடத்தில் இருந்த இரண்டும் ஆண்களுக்கு. பெண் தொழிலாளர்களின் கழிவறையோ பஞ்சு குடோனுக்கும் அப்பால் மதில் ஓரத்தில் இருந்தது. அதைச் சொல்லத்தான் முதன்முதலில் ஜி.எம். அறைக்குள் போனேன். அவருடைய திராட்சைத் தட்டின் அர்த்தமும் அன்றைக்குத்தான் புரிந்தது.

ஜி.எம். தங்கவேல் சார் சுருளிப்பட்டிக்காரர். திராட்சைத் தோட்டம் உண்டு. அவர் மேசைமேல் எப்போதும் ஒரு எவர்சில்வர் தட்டில் பன்னீர் திராட்சை இருக்கும். திட்டவே மாட்டார். மாட்டேன் என்ற வார்த்தையும் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. நாம் கேட்பதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருப்பார். சம்மதம் என்றால் தட்டு அவர் பக்கத்திலேயே இருக்கும். சம்மதமில்லை என்றால் தட்டை ஒற்றை விரலால் மெதுவாக நம் பக்கம் தள்ளுவார். “சாப்புடும்மா, நம்ம தோட்டத்துது” என்பார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. திராட்சை இனிக்கும். தின்றுகொண்டே வெளியே வர வேண்டியதுதான். ஸ்பின்னிங் மாஸ்டர் ஒருவர் சம்பள உயர்வு கேட்டுக் கேட்டே சர்க்கரை நோய் வந்தவர் என்று மில்லில் சொல்வார்கள்.

கழிவறைக்கும் எனக்குத் திராட்சைதான் கிடைத்தது.

மறுநாள் முதல் அவர் எப்போது கூப்பிட்டாலும் நான் பஞ்சு குடோனுக்கு அப்பால் இருந்தேன். பியூன் ஓடி வந்து தேடுவார். “மேடம் அங்கன போயிருக்காக சார்” என்று போய்ச் சொல்வார். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்திருந்த அன்றைக்கும் அங்கேதான் இருந்தேன். இன்ஸ்பெக்டர் இரண்டு காபி குடிக்கிற வரைக்கும் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் கொத்தனார் வந்துவிட்டார். ஜி.எம்மிடம் நியாயம் பேசிப் பயனில்லை, அவருக்குத் தொந்தரவு வர வேண்டும் என்று அப்போதே தெரிந்துகொண்டேன். இதைத் தவிர எனக்குக் கிடைத்த பயிற்சி என்று சொல்ல வேறு எதுவும் இல்லை.

வருசங்கள் ஓடின. ஒரு நாள் வெளிநாட்டில் துணி விற்கிற பெரிய கம்பெனி ஒன்று எங்கள் நூலை வாங்க ஆரம்பித்தது. அவர்களுக்கு நூல் மட்டும் போதாது. யார் யாரை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள், மாற்றுத்திறனாளிகள் உண்டா, எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறீர்களா என்றெல்லாம் கேட்டார்கள். கோயம்புத்தூரில் இருந்த எங்கள் ஹெட் ஆபீஸுக்கு உடனே ஞானோதயம் வந்தது. ஒரு திட்டம் போட்டார்கள். அதற்கு நீளமாக ஆங்கிலத்தில் பேர் வைத்து, கேட்டுக்கு மேலே பெரிய பிளக்ஸ் பேனர் கட்டினார்கள். எங்கள் வாட்ச்மேன் அது புதிதாக வரப்போகிற மெஷினின் பேர் என்றே கடைசி வரை நம்பினார். மெஷின் ஏன் இன்னும் வரவில்லை என்று மாதம் ஒரு முறை என்னிடம் கேட்பார்.

ஆனால் அந்தத் திட்டத்தில் ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. ஐந்து பெண்கள், இரண்டு ஆண்கள். எல்லாரையும் ரிங் பிரேமில் போட்டோம். இழையை முறுக்கி நூலாக்குகிற ஷெட் அது. வரிசை வரிசையாக மெஷின்கள், ஒவ்வொன்றிலும் நூலை முறுக்குகிற கதிர்கள் நூற்றுக்கணக்கில் சுற்றும். எங்கே நூல் அறுகிறது என்று நடந்துகொண்டே பார்த்து ஒட்ட வேண்டும். நூல் சுற்றிக்கொள்கிற குழல்களான கண்டைகள் நிறைந்ததும் கழற்றி எடுத்து வெறும் கண்டைகளை மாட்ட வேண்டும். கண்ணுக்கும் விரலுக்கும் காலுக்கும்தான் அங்கே வேலை. காதுக்கு எந்த வேலையும் இல்லை, இருந்தாலும் அந்தச் சத்தத்தில் நடக்காது. பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். அதுவும் முகத்தில் துணி கட்டியிருப்பதால் தெரியாது.

அந்த ஏழு பேரில் ஒருத்திதான் ஜெசிந்தா. ராயப்பன்பட்டிக்காரி. முன்கோபக்காரி, வேலைக்காரி, யாரையும் அப்படியே நடித்துக் காட்டுகிறவள். மில்லுக்கு வருவதற்கு முன் மற்ற பெண்களோடு ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே கங்காணி மேட்டிலிருந்து கத்துவார், இவளுக்குத் தெரியாது. ஒரு நாள் மழை இறங்கிவிட்டது. சீக்கிரம் கிளம்பலாம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லாரும் ஏறி ஜீப் போய்விட்டது. இவள் செடிகளுக்கு நடுவில் குனிந்து காய் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தால் ஒருவரும் இல்லை. அட்டைக் கடியோடு, நனைந்துகொண்டு, காட்டுப் பாதையில் தன்னந்தனியாக மலை இறங்கி வந்தாள். பின்னால் என்ன வந்தாலும் அவளுக்குக் கேட்காது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அவளிடம் என்ன வேலை வேண்டும் என்று நான் முதலில் கேட்டபோது, மலை மாதிரி கையைக் குவித்துக் காட்டி, அதைப் புறங்கையால் தள்ளிவிட்டாள். மலை மட்டும் வேண்டாம். (அவள் கையால் சொல்வதையெல்லாம் இனிமேல் எங்களூர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். அவள் கையும் எங்களூர்க் கைதானே.)

திட்டத்தின்படி ஒவ்வொரு மெஷின் தலையிலும் ஒரு சிவப்பு விளக்கு வைத்தோம். கண்டை நிறைந்தால் ஒரு மாதிரி மின்னும், ஆபத்து என்றால் வேறு மாதிரி மின்னும். சனிக்கிழமைதோறும் எல்லாருக்கும் சைகை வகுப்பு. முதல் வகுப்பில் ஒருவரும் கற்றுக்கொள்ள வரவில்லை, கேண்டீன் வடைக்காக வந்தார்கள். கையை எப்படி அசைத்தாலும் வடை உண்டு என்று தெரிந்ததும் கையை அசைத்தார்கள்.

விஷயத்தை மாற்றியது சரோஜா. கோகிலாபுரத்துக்காரி, மில்லிலேயே வாய் ஓயாத ஆள். கேண்டீனில் அவள் பேச ஆரம்பித்தால் சாம்பார் ஆறிவிடும். ஆனால் ஷெட்டுக்குள் எட்டு மணி நேரம் அந்தச் சத்தத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது, பாவம். மூன்று மெஷின் தள்ளி நிற்கிற ஜெசிந்தாவோடு கையாலேயே ஊர்க்கதை பேசலாம் என்று தெரிந்த அன்றைக்கு அவளுக்குப் பிறவிப் பயன் கிடைத்தது. ஒரே மாதத்தில் பிரமாதமாகக் கற்றுக்கொண்டாள். அவளுடன் கதை பேசுவதற்காக அடுத்தவள் கற்றாள். அவள் என்ன பேசுகிறாள் என்று தெரிந்துகொள்ள அடுத்தவள் கற்றாள், நானும் கற்றேன். வடை கொடுத்து வராதது புறணியால் வந்தது.

எல்லாருக்கும் பேரும் வைத்துவிட்டார்கள். ஜி.எம்முக்குத் திராட்சையைக் கிள்ளி வாயில் போடுகிற சைகை. ஷெட்டின் ஒரு கோடியில் அவர் தலை தெரிந்தால் போதும், மறு கோடி வரை எல்லாரும் திராட்சை தின்பார்கள். எனக்கு இடுப்பில் சாவிக்கொத்தை ஆட்டுகிற சைகை. கழிவறைச் சாவியை நான் யாரிடமும் கொடுக்காமல் இடுப்பிலேயே செருகியிருந்த காலத்துப் புகழ் அது.

பிறகு கெட்ட காலம் வந்தது. நூல் விலை இறங்கியது, ஆர்டர் நின்றது, குடோனில் நூல் மூட்டை கூரையைத் தொட்டது. ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள். நல்ல காலத்தில் அத்தனை கேள்வி கேட்ட வெளிநாட்டுக் கம்பெனி, இனி அதெல்லாம் கேட்பதில்லை என்று தானாகவே சொல்லிவிட்டது.

ஜி.எம். கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன். நான் இன்னும் வாயே திறக்கவில்லை. திராட்சைத் தட்டு தானாக என் பக்கம் வந்தது. அந்த ஆளோடு அத்தனை வருசம் வேலை பார்த்தவளுக்கு அதுவே போதும்.

“ஏம்மா எஸ்தரு, ஹெட் ஆபீஸ்ல இருந்து சொல்லிட்டாக. அந்தத் திட்டத்த எடுத்துரணுமாம்.”

“எடுத்துரலாம் சார்” என்றேன்.

நான் சண்டைக்கு வருவேன் என்று எதிர்பார்த்தவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் ஒரு திராட்சையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அன்றைக்கே ஏணி போட்டு பேனரைக் கழற்ற வைத்தேன். வாட்ச்மேன், “மெசினு வராதா மேடம்?” என்று துக்கம் விசாரித்தார். பேனரைக் கேண்டீன் விறகு மேல் போர்த்தினோம். மூன்று மழைக்காலம் அது விறகை நனையாமல் காத்தது. அந்தத் திட்டத்துக்காக ஹெட் ஆபீஸ் செய்த காரியங்களில் உருப்படியானது அதுதான்.

மற்றதையெல்லாம் கலைத்து வேறு வேறு கணக்கில் போட்டேன். சிவப்பு விளக்குகளை எலெக்ட்ரீசியன் மெஷின் பராமரிப்பில் சேர்த்துக்கொண்டார். அவற்றைக் கழற்றினால் வேலையை விட்டுப் போகிறேன் என்று ஸ்பின்னிங் மாஸ்டரே சொல்லிவிட்டார். எந்த மெஷினில் கண்டை நிறைந்தது என்று நடந்து நடந்து பார்க்கிற வேலை அவருக்கு மிச்சமாகியிருந்தது. சைகை வகுப்பு தீயணைப்புப் பயிற்சிக்குள் போனது. அந்தச் சத்தத்தில் தீப்பிடித்தால் சைரன் யாருக்குக் கேட்கும்? கையால் சொன்னால்தான் உண்டு. அதை நிறுத்தச் சொல்ல எந்த ஹெட் ஆபீஸுக்கும் தைரியம் வராது. வெளியிலிருந்து வந்த டீச்சருக்குப் பதில் ஜெசிந்தாவே வகுப்பெடுத்தாள், பிரம்பு ஒன்றுதான் குறை. திட்டம் ஒழிந்தது என்று கோயம்புத்தூருக்குச் செய்தி போனது. பொய் ஒன்றும் இல்லையே, பேனர் இல்லாத திட்டத்தை யாரால் பார்க்க முடியும்?

விளக்கையும் வகுப்பையும் கலைக்கலாம். ஆளை அப்படி மறைக்க முடியாது. அது தெரிய எனக்கு ஆறு மாதம் ஆனது.

செலவைக் குறைக்க வழி பார்ப்பதற்காக ஹெட் ஆபீஸ் ஒரு பையனை அனுப்பியது. விக்னேஷ் என்று பேர், லேப்டாப்பும் நல்ல மரியாதையுமாக வந்து சேர்ந்தான். ஆளைக் குறைக்க வேண்டும் என்றும், அந்தத் திட்டத்தில் வந்த ஏழு பேரை முதலில் அனுப்பிவிடலாம் என்றும் ஜி.எம். அறையில் உட்கார்ந்து சொன்னான்.

“கடைசியா வந்தவங்கதான முதல்ல போகணும்? இவங்களுக்கு அப்புறம் எத்தனையோ பேரு வந்திருக்காங்க” என்றேன்.

“அது எனக்கும் தெரியுமுங்க மேடம். எனக்கு அவங்க மேல ஒண்ணும் கோவமில்லீங்க. ஆனா திட்டமே இல்லைங்கும்போது திட்டத்துல வந்தவங்கள மட்டும் எப்படீங்க வெச்சுக்கறது? காது கேக்காதவங்க இருந்தா ஷெட்டுல வேலையும் சுணங்குமுங்க. சொல்றது புரியணுமில்லீங்களா?”

எனக்கு அந்த வார்த்தையில் சுருக்கென்று கோபம் வந்தது. “நீங்க ரிங் பிரேம் ஷெட்டுக்குள்ள போயிருக்கீங்களா தம்பி?” என்று கேட்டேன்.

“வீடியோவுல பாத்திருக்கேனுங்க.”

“வீடியோவுல சத்தத்தக் கொறச்சு வச்சிருப்பாங்க. இன்னைக்கு நேர்ல போயிப் பாருங்க. அந்த ஏழு பேரும் யாருன்னு நான் சொல்ல மாட்டேன். அவங்களால வேலை சுணங்குதுன்னா உங்களுக்கே தெரியும்ல? கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. சொல்லிட்டா நானே அனுப்பி வைக்கிறேன். சொல்ல முடியலன்னா அவங்கள விட்டுரணும்.”

“அதெல்லாம் அஞ்சு நிமிசத்துல கண்டுபுடிச்சரலாமுங்க” என்று சிரித்தான்.

நான் ஜி.எம்மைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு ஒற்றை விரலால் தட்டைத் தள்ளினார். தட்டு விக்னேஷ் பக்கம் போனது.

“சாப்புடுங்க தம்பி, நம்ம தோட்டத்துது. மதியத்துக்கு மேல உள்ள போயி ஒரு சுத்துப் பாருங்க. மேடம் சொன்னது சரிதான். ஹெட் ஆபீஸ்ல நான் பேசிக்கிருதேன்.”

விக்னேஷ் ரசித்துச் சாப்பிட்டான். நல்ல திராட்சை சார் என்று பாராட்டவும் செய்தான்.

வெளியே வந்த பிறகுதான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. ஏழு பேருடைய பிழைப்பைப் பந்தயத்தில் வைத்துவிட்டு வந்திருந்தேன், அவர்களைக் கேட்காமலே. கேண்டீனுக்கு ஓடினேன். ஜெசிந்தா மற்ற ஆறு பேரோடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கையால் சொன்னேன். அவள் சோற்றுக் கையை உதறிவிட்டு எழுந்தாள். கை நீர்வீழ்ச்சி மாதிரி கொட்டியது.

“எங்கள வச்சு சூதாடுறியா நீ? தோத்தா நீ மலைக்கு வருவியா?”

கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்து, எல்லாரிடமும் சொல்லி வைத்து, அந்தப் பையனைக் குழப்புகிற மாதிரி ஏதாவது நடிக்கலாமே என்று மெதுவாகச் சொன்னேன். கோபம் இரட்டிப்பானது.

“நடிக்க மாட்டோம். தினமும் எப்புடி வேலை பாக்குறமோ அப்புடித்தான் பாப்போம். கண்டுபிடிச்சான்னா போறோம். கண்டுபிடிக்கலன்னா நீ எங்களுக்காகப் பேசக் கூடாது. நானே வந்து பேசுவேன்.”

மற்ற ஆறு பேரையும் பார்த்தாள். ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். கடைசிப் பையன் மட்டும் தயங்கினான். அவனுக்குப் போன மாசம்தான் குழந்தை பிறந்திருந்தது. அவனும் கடைசியில் ஆட்டினான். அந்தத் தலையாட்டலைப் பார்த்தபோது நான் ஜெபம் பண்ணினேன். வழக்கமாக வேலை நேரத்தில் கர்த்தரைத் தொந்தரவு செய்கிற ஆள் இல்லை நான்.

மதிய ஷிப்டு நடந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் விக்னேஷ் ஓரடி பின்னால் போனான். பிறகு என்னிடம் ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. குனிந்து என் காதில் கத்தினான். அப்போதும் கேட்கவில்லை. நான் உள்ளே கையைக் காட்டினேன்.

நடுப்பாதையில் நடந்தான். இரண்டு பக்கமும் பெண்களும் ஆண்களும் துணி கட்டிய முகத்தோடு, தலையில் பஞ்சுத் தூசியோடு நூலை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கையால் பேசிக்கொள்கிறவர்களைப் பிடித்துவிடலாம் என்று நினைத்து வந்திருப்பான் போல. ஒருத்தி கையை ஆட்டினாள், உடனே அவள் பக்கம் திரும்பினான். எதிரில் இருந்தவள் பதில் ஆட்டினாள், அந்தப் பக்கம் திரும்பினான். கோடியிலிருந்து ஒருவன் ஆட்டினான். ஷெட்டே ஆட்டிக்கொண்டிருந்தது. அவனைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. அவன் கழுத்தில் டை இருந்ததால் கையால் கழுத்தை இழுக்கிற சைகை அதற்குள் அவனுக்குப் பேராகியிருந்தது.

பிறகு ஒரு யோசனை வந்து முகம் மலர்ந்தது. ஒருத்திக்குப் பின்னால் போய் நின்று பலமாகக் கைதட்டினான். திரும்பவில்லை. ஆகா என்று என்னைப் பார்த்தான். அடுத்தவள் பின்னால் போய்த் தட்டினான். அவளும் திரும்பவில்லை. அடுத்தவன், அடுத்தவள் என்று அந்த வரிசை முழுக்கத் தட்டிக்கொண்டே போனான். ஒருவரும் திரும்பவில்லை. வரிசைக் கடைசிக்கு வந்தபோது அவன் உள்ளங்கை சிவந்திருந்தது, முகமும்தான். அந்த நேரம் அவனுக்குப் பின்னால் கண்டை நிறைத்த தள்ளுவண்டி வந்தது. ஓரமாக நிற்கச் சொல்லி வண்டிக்காரன் எவ்வளவு கத்தியும் அவனுக்கும் கேட்கவில்லை. ஜெசிந்தாதான் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்து இழுத்து மெஷின் ஓரமாக நிறுத்தினாள். சிவப்பு விளக்கைச் சுட்டிக் காட்டினாள். மஞ்சள் கோட்டைக் காட்டினாள். கோட்டுக்கு உள்ளே நிற்கச் சொல்லி விரலை ஆட்டி அதட்டிவிட்டு, கண்டை கழற்றுகிற ஆட்களுக்குக் கையாலேயே இடம் பிரித்துக் கொடுத்துவிட்டுத் தன் மெஷினுக்குப் போனாள். அவன் கோட்டுக்கு உள்ளே சமர்த்தாக நின்றான்.

வெளியே வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். நானும் ஸ்பின்னிங் மாஸ்டரும் காத்திருந்தோம். ஷிப்டு இடைவேளையில் வெளியே வந்தவர்களிலிருந்து ஏழு பேரை ஒவ்வொருவராகக் காட்டினான். முதலில் அவன் காட்டியது சரோஜாவை.

“எனக்கா காது கேக்காதுன்னு சொன்னாக?” என்று சரோஜா கூவியது ஆபீஸ் வரை கேட்டிருக்கும். “ஏத்தா, இத எங்க வீட்டுக்காரரு கேட்டாகன்னா குச்சனூர் சனீஸ்வரங் கோயிலுக்குப் போயி எள்ளு விளக்குப் போட்டுட்டு வருவாகளே! ஒரு நாளாச்சும் வாய மூடுனாளேன்னு!”

மற்ற ஆறில் ஸ்பின்னிங் மாஸ்டருடைய மச்சினனும் ஒருவன். கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் வாசிக்கிற ஒருவனும் இருந்தான். அந்த ஏழு பேரில் ஒருவரைக்கூட அவன் காட்டவில்லை. விக்னேஷைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், தோற்றதும் நேர்மையாகச் சிரித்தான்.

“தோத்துட்டேனுங்க மேடம். உள்ள ஒருத்தருக்குமே காது கேக்கலீங்க” என்றான். “ஆனா அந்த மேஸ்திரி அம்மா நல்லா கண்ட்ரோல் பண்றாங்க. அவங்க இழுக்கலீன்னா வண்டி எம்மேல ஏறியிருக்குமுங்க.”

எங்களிடம் பெண் மேஸ்திரி யாரும் இல்லை. பழைய மேஸ்திரி ஓய்வு பெற்று, ஆட்குறைப்புப் பேச்சில் அந்த இடம் காலியாகவே கிடந்தது. ஸ்பின்னிங் மாஸ்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவன் சொன்னதை இருவருமே திருத்தவில்லை.

ஜி.எம். அறைக்கு ஜெசிந்தா தானாகவே வந்தாள், சொன்னபடி. கதவைத் தட்டவில்லை, தட்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. விக்னேஷ் அவளைப் பார்த்ததும், “வாங்க மேஸ்திரி” என்று நாற்காலியைக் காட்டினான். அவள் உட்காராமல் தன் காதைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று கையை விரித்தாள். அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

ஏழு பேரும் வேலையில் இருக்கட்டும் என்று அதற்குள் முடிவாகியிருந்தது. நான் என்றால் அதோடு கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன். கிடைத்ததைப் பத்திரமாக மறைத்து வைத்துக் காப்பாற்றுவதுதான் என் சாமர்த்தியம். அந்தப் பெண்ணுக்கு அது போதவில்லை. அவள் கையை ஆட்ட, நான் வாயால் சொன்னேன்.

“நாங்க வந்து இத்தன வருசமாச்சு. எங்களுக்குப் பின்னால வந்தவுகள்ல மூணு பேரு மேல் வேலைக்குப் போயிட்டாக. எங்கள்ல ஒருத்தருகூடப் போகல. எங்கள வேலைக்கு வச்சதையே பெரிய தருமமா நெனச்சுக்கிட்டிருக்கீக. எங்க ஆபீசரம்மாவும் அப்புடித்தான். அந்த மேஸ்திரி இடத்தை எனக்குக் குடுங்க.”

என்னைப் பற்றிய வரியையும் நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. குரலை மாற்றாமல் சொன்னேன், முகம் என்ன ஆனது என்று தெரியாது.

விக்னேஷ் தயங்கினான். “மேஸ்திரின்னா சொல்றது எல்லாருக்கும் கேக்கணுமில்லீங்களா?” என்றான்.

ஜெசிந்தா அவன் முகத்துக்கு நேரே இரண்டு முறை கைதட்டிக் காட்டினாள்.

“நீ அங்கன இப்புடித் தட்டுனியே, அது யாருக்குக் கேட்டுச்சு?” என்று நான் மொழிபெயர்த்தேன். மரியாதைப் பன்மை போட்டிருக்கலாம். அவள் போடவில்லை, நானும் போடவில்லை.

ஜி.எம். சிரித்ததை அன்றைக்குத்தான் நான் முதல்முறை பார்த்தேன். தட்டு அவர் பக்கத்திலேயே இருந்தது. “முதல்ல மூணு மாசம் பாக்கட்டும்மா” என்றார். மூன்று மாதம் எதற்கு, போன மூன்று வருசம் பார்க்கவில்லையா என்று அவள் திருப்பிக் கேட்டதை நான் மொழிபெயர்க்கவில்லை. சில இடங்களில் மொழிபெயர்ப்பாளருக்குக் கொஞ்சம் சுதந்திரம் வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை அவள் மேஸ்திரியாக முதல் ஷிப்டு. பார்த்துவிட்டு வரலாம் என்று சேலையைச் சரிசெய்துகொண்டு நான் பெருமையாக ஷெட்டுக்குப் போனேன். வாசலிலேயே அவள் நின்றிருந்தாள். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, கையிலிருந்த டப்பாவிலிருந்து காதடைப்பான் எடுத்துக் கொடுத்து, மாட்டிய பிறகுதான் விட்டாள். சரோஜாகூட முணுமுணுத்துக்கொண்டே மாட்டினாள். காதடைப்பான் கட்டாயம் என்று அதே வாசலில் நான் வருசத்துக்கு ஒரு அறிவிப்பு ஒட்டி வந்தவள். அதை எவரும் மதித்ததில்லை, ஒட்டியவளும் மதித்ததில்லை.

நான் அதிகாரி என்கிற நினைப்பில் சிரித்துக்கொண்டே அவளைத் தாண்டி நடந்தேன். கையை நீட்டி மறித்தாள். என் காதைச் சுட்டினாள்.

“எங்கிட்ட இல்லாதது உங்கிட்ட ரெண்டு இருக்குல்ல? அதப் பத்திரமா வச்சுக்க.”

எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டேன். மேஸ்திரி, சரியாக இருக்கிறதா என்று என் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே போ என்று கையைக் காட்டினார்.